பிளான்ஸ்கோ மாவட்டம்: தண்ணீர் போகும் வழியில் நடந்து பாருங்கள்

செக் நாட்டின் தென் மொராவியாவில், பிர்னோ நகரத்துக்கு வடக்கே இருக்கிறது பிளான்ஸ்கோ மாவட்டம். எனக்கு வேலை பிர்னோவில், வீடு பிளான்ஸ்கோவில். வார இறுதியில் இங்கே வரும் தமிழ் நண்பர்கள் பலரும் காரில் வந்து, மட்சொஹா பள்ளத்தை மேலிருந்து எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். 138 மீட்டர் ஆழமுள்ள அந்தப் பள்ளம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதைக் குடைந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் மாவட்டமே புரிந்துவிடும். அதற்கு இரண்டு நாள் நடை போதும். இரண்டையும் வேறு வேறு வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நில அமைப்பு. கிழக்கே டிரஹானி மேட்டுநிலம். அங்கே பாறை கெட்டியானது, ஓடைகள் தரைமேலேயே ஓடிவரும். வழியில் சுண்ணாம்புப் பாறைப் பட்டை ஒன்று குறுக்கிடுகிறது. அதுதான் மொராவியக் கார்ஸ்ட். அதைத் தொட்டதும் ஓடைகள் பூமிக்குள் இறங்கிவிடுகின்றன. பல கிலோமீட்டர் தள்ளி வெளியே வந்து, கடைசியில் ஸ்விதவா ஆற்றில் சேர்கின்றன. அந்த ஆற்றை ஒட்டித்தான் 1849-இல் திறந்த ரயில் பாதை போகிறது.

பிர்னோவிலிருந்து பிளான்ஸ்கோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்த மண்டலத்தில் ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே டிக்கெட்தான், அதனால் இறங்கி ஏறுவதற்குத் தயங்க வேண்டாம். சனி, ஞாயிறுகளில் கிராமத்துப் பேருந்துகள் குறைவு. திரும்பி வரும் பேருந்தின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டே கிளம்ப வேண்டும். குகைக்குள் கோடையிலும் 8 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஜூலையானாலும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நடையில் வரும் புன்க்வா குகைக்கான டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கோடையில் நேரே போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்காது. நடைபாதைக் குறிகளை மரங்களில் பார்க்கலாம்: இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என ஏதாவது ஒரு நிறம். எடுத்த நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனாலே வழி தவறாது.

முதல் நாள் நடையை ஸ்லௌப் கிராமத்தில் தொடங்குங்கள். பிளான்ஸ்கோவிலிருந்து பேருந்து உண்டு. வியாகுல மாதாவின் பரோக் தேவாலயம் அங்கே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஓடைப் பக்கம் வாருங்கள். ஊரைத் தாண்டியதும் ஹ்ரெபெனாச் என்ற தனிப்பாறை நிமிர்ந்து நிற்கும். அதன் அருகில்தான் ஓடை பாறைக்குள் மறைகிறது. அங்கிருந்து புஸ்தீ ஷ்லெப் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் சுண்ணாம்புச் சுவர்கள், நடுவே காடு. மழை இல்லாத நாளில் அடித்தளம் வறண்டு கிடக்கும். இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நடை இதுதான். ஆற்றுக்காகவே வெட்டிய மாதிரி ஒரு பள்ளத்தாக்கு, ஆறு மட்டும் கண்ணில் படாது. அது நம் காலுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது.

கிழக்கே ஹோல்ஷ்டைன் பக்கம் பீலா வோடா என்ற இன்னொரு ஓடையும் இதேபோல் இறங்குகிறது. இரண்டும் நிலத்தடியில் சேர்ந்துதான் புன்க்வா ஆறு. சேரும் இடம் இருக்கும் குகைத் தொகுதியை 1969-இல் கண்டுபிடித்தவர்கள் பொழுதுபோக்காகக் குகை ஆராய்ந்தவர்கள். அதனால் 'அமெச்சூர் குகை' என்றே அதற்குப் பெயர். செக் நாட்டிலேயே நீளமான குகைத் தொகுதி அது, 30 கிலோமீட்டருக்கு மேல்.

பள்ளத்தாக்கில் நடந்து வந்தால் புன்க்வா குகை வாசல். கரேல் அப்சொலோன் என்ற ஆய்வாளரின் குழு 1909-இல் இதைக் கண்டுபிடித்து, 1914-இல் உள்வழியாகவே மட்சொஹாவின் அடிவரை வந்து சேர்ந்தது. படகு வழி 1933-இல் திறக்கப்பட்டது. இன்றும் பயணிகளுக்கு அதே வரிசைதான்: முதலில் உலர்ந்த குகைகள், பிறகு பள்ளத்தின் அடி, அப்புறம் படகு. கூரை தாழ்ந்த இடங்களில் தலையைக் குனியச் சொல்வார்கள், உடனே குனிந்துவிடுங்கள். பனி உருகும் நாட்களிலும் பெருமழைக்குப் பிறகும் தண்ணீர் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். மார்ச், ஏப்ரலில் வருபவர்கள் அன்று காலையில் ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள்.

வெளியே வந்த பிறகு கேபிள் காரில் மேலே போய் மட்சொஹாவை எட்டிப் பாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அடியில் நின்று பார்த்த சின்னக் குளம் மேலிருந்து தெரியும்போதுதான் ஆழம் உறைக்கும். திரும்பும் பேருந்து ஸ்கல்னீ ம்லீனிலிருந்து கிடைக்கும்.

இரண்டாவது நடை தெற்கே, யெடோவ்னிட்சேயில் ஆரம்பம். ஊருக்குப் பெரிய ஏரி ஒன்று உண்டு, கோடையில் குளிக்கக் கூட்டம் வரும். அங்கிருந்து ஓடையோடு போனால் ரூடிட்சே. ஊருக்கு அருகே ஓடை பாறை இடுக்கில் விழுந்து மறைகிறது. பள்ளத்தாக்கில் இறங்கி பீச்சீ ஸ்காலா பாறைக்குப் போங்கள், அதன் அருகில் அந்தத் தண்ணீர் மறுபடி வெளியே வருகிறது. அந்தப் பாறையில் உள்ள குகையில் 1869-இல் வெண்கலத்தில் செய்த சிறிய காளை உருவம் கிடைத்தது. 1872-இல் யிந்திர்ஜிஹ் வான்கெல் என்ற மருத்துவர் பண்டைய இரும்புக் காலப் புதையிடத்தையே தோண்டி எடுத்தார். குகையைச் சில நாட்கள் மட்டுமே திறப்பார்கள். பூட்டியிருந்தால் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி, உள்ளே நுழைய முயல வேண்டாம். மொராவியக் கார்ஸ்ட் 1956 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி.

அதே பள்ளத்தாக்கில் அடாமோவ் நோக்கி நடந்தால் பழைய இரும்பு உலை ஒன்று நிற்கும். ரூடிட்சே பக்கத்துத் தாது, காட்டு மரக்கரி, ஓடையின் விசை, மூன்றும் சேர்ந்ததால்தான் இங்கே இரும்புத் தொழில் வளர்ந்தது. பிளான்ஸ்கோ இரும்பாலைகளை நடத்திய கார்ல் ரைஷென்பாஹ் 1830-இல் மரத்தாரிலிருந்து பாரஃபினைப் பிரித்தெடுத்தார். இன்று வரை பிளான்ஸ்கோ தொழிலாளர் ஊர்தான். அடாமோவில் ரயில் ஏறும் முன் புனித பார்பரா தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போங்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் ட்ஸ்வெட்டில் மடத்துக்காகச் செதுக்கிய மரப் பலிபீடம் இப்போது இங்கே இருக்கிறது. இவ்வளவு பெரிய சிற்ப வேலையை இவ்வளவு சின்ன ஊரில் பார்ப்போம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

வடக்கே இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் போஸ்கோவிட்சே போங்கள். ஸ்கலிட்சேயில் கிளைப் பாதை பிரிகிறது. குன்றின்மேல் இடிந்த கோட்டை, கீழே யூதக் குடியிருப்பு. ஜெப ஆலயத்தின் சுவர்களில் எபிரேய எழுத்துகளும் பூ வேலைப்பாடும் இருக்கின்றன. 1942-இல் ஊரின் யூதர்களை நாஜிகள் கொண்டுபோய்விட்டார்கள். தெருக்களும் பெரிய கல்லறைத் தோட்டமும் மட்டும் மிஞ்சின. அங்கே அவசரப்படாமல் நடங்கள். மண்பாண்டம் பிடித்தவர்களுக்குக் குன்ஷ்டாட் ஊர், நீலச் சாயத் துணி அச்சுக்கு ஓலெஷ்னிட்சே.

இங்கேயே குடிவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்ட அலுவலகங்களை 2003 தொடக்கத்தோடு மூடிவிட்டார்கள். ஓட்டுநர் உரிமம் போன்ற வேலைகளுக்கு பிளான்ஸ்கோ அல்லது போஸ்கோவிட்சே நகர அலுவலகத்துக்குப் போகலாம். எங்கே போனாலும், கடையோ காட்டுப் பாதையோ, எதிரில் வருபவருக்கு 'டொப்ரீ டென்' (வணக்கம்) சொல்லுங்கள். பதிலுக்கு அவரும் சொல்வார், கேட்டால் பேருந்து நிறுத்தம்வரை வழி காட்டுவார்.