ஆடிஷனுக்கு ஒரு நிமிடத் தனிவசனம்

பதின்ம வயதினர் ஆடிஷனுக்கு வசனம் தேடும்போது முதலில் அழுகைக் காட்சியைத்தான் எடுப்பார்கள். வேண்டாம். முதல் வரியிலேயே கதறினால் அடுத்துப் போக இடமிருக்காது. அழுகையை அடக்கப் பாடுபடும் பாத்திரத்தைத்தான் பார்க்கப் பிடிக்கும்.

உங்கள் வயதை ஒட்டிய பாத்திரமாக எடுங்கள். பதினைந்து வயதில் விவாகரத்தான வக்கீலாக நடித்தால் பார்ப்பவர் கவனம் வேறெங்கோ போய்விடும். நடந்த கதையைச் சொல்லும் வசனத்தைவிட, எதிரில் இருப்பதாக நீங்கள் கற்பனை செய்துகொள்ளும் ஒருவரிடம் இப்போதே ஏதோ ஒன்றைக் கேட்கும் வசனம் மேல்: மன்னிப்பு, அனுமதி, ஓர் உண்மை, எதுவானாலும் சரி. அவர் மறுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் கெஞ்சல், கிண்டல், மிரட்டல் என்று குரல் தானாக மாறும். நடுவில் எங்காவது பாத்திரத்தின் மனசு மாறும் இடம் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வேறு வசனம் தேடுங்கள்.

அந்தக் கற்பனை ஆளை எங்கே நிறுத்துவது? தேர்வாளரின் தலைக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு புள்ளியில். அவர்கள் கண்ணையே பார்த்துப் பேசினால் குறிப்பெழுதக்கூடச் சங்கடப்படுவார்கள். கேமரா ஆடிஷன் என்றால் லென்ஸுக்குப் பக்கத்தில்.

நேரத்தை மனசுக்குள் படித்து அளக்காதீர்கள். மௌனங்களோடு நடித்து அளந்து, சொன்ன நேரத்துக்குப் பத்து விநாடி குறைவாக வெட்டிவிடுங்கள். பதற்றத்தில் வேகமாகப் பேசுவோம்தான், ஆனால் அதை நம்பி நீளமாக வைக்கக் கூடாது.

அப்புறம், கடைசி வரி முடிந்ததும் உடனே சிரித்துவிடாதீர்கள். இரண்டு விநாடி அப்படியே நின்றுவிட்டு நன்றி சொல்லுங்கள்.