வேலூர்த் தண்ணீருக்கு எந்த மீன்?

தொட்டியில் வளர்க்க மீன் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். சத்துவாச்சாரியில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடும். மோலி, பிளாட்டி, கப்பி மீன்களுக்கு அந்தக் கடின நீர் கொண்டாட்டம். நியான் டெட்ராவுக்கு ஆகாது. 60 லிட்டர் தொட்டிக்கு 5 பிளாட்டியும் 6 ஜீப்ரா டேனியோவும் போதும். பிளாட்டியில் ஓர் ஆணுக்குக் குறைந்தது இரண்டு பெண் என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தித் துரத்திப் பெண்ணை வாட்டிவிடும். குட்டிகள் பெருகும், அதற்கும் தயாராக இருங்கள்.

மற்ற மீன்களோடு சண்டையிடும் ஃபைட்டர் மீன் (பெட்டா) இந்தத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். தங்கமீன் அழகுதான், கழிவும் அதற்கேற்ப அதிகம்.

ஃபில்டரில் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளரச் சில வாரங்கள் ஆகும். அதனால் எல்லா மீனையும் ஒரே நாளில் விடாதீர்கள்.

கத்திரி வெயிலில் மூடியைத் திறந்து சிறிய மின்விசிறி வையுங்கள். மேலே வலை கட்டாயம், டேனியோ குதிக்கும்.