மாரி முடிந்த குளத்தில் பறவை பார்ப்பது எப்படி?

குளிர்நாடுகளில் குளம் உறைந்தால் வாத்துக்கும், கரைச்சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கும் இரை இல்லை. அவற்றில் ஒரு பகுதி ஐப்பசியளவில் நம் பக்கம் இறங்கி, சித்திரைவாக்கில் திரும்பிவிடும். திருகோணமலைக்காரர் இவற்றைத் தேடிக் கன தூரம் போகத் தேவையில்லை. கந்தளாய்ப் பக்கத்துக் குளங்களே போதும்.

1. மார்கழியில், குளம் நிரம்பி வான் பாயும்போது போகாதீர்கள். கரைச்சேறு தண்ணீருக்குள் கிடக்கும், உள்ளான்கள் வயல்களுக்குச் சிதறிவிடும். தண்ணீர் இறங்கிச் சேறு தெரியட்டும். எனக்குப் பிடித்தது மாசி.

2. தொலைநோக்கி 8×42 வாங்குங்கள் (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்வில்லையின் அகலம் 42 மி.மீ.). 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். விலை கூடிய கமெராவை முதல் வருடம் வீட்டிலேயே வையுங்கள். பார்க்கப் பழகுவதுதான் முதல் வேலை.

3. குளக்கட்டில் நிற்காதீர்கள். ஒரு மாரி முழுக்க நான் தோற்றது இங்கேதான். கட்டில் ஏறினால் முழுக் குளமும் தெரியும் என்று நேரே உச்சிக்குப் போவேன். நான் எட்டிப் பார்க்குமுன் கூட்டம் எழும்பிவிடும். வெறும் வானத்துக்கு எதிரே நிற்கும் ஆளைப் பறவை வெகுதூரத்திலேயே கண்டுகொள்ளும். இப்போது கட்டுக்கு வெளிப்புறமாக, கீழாலேயே நடந்து, ஒரு மருதமரத்தடியில் ஏறி, மரத்தில் முதுகு சாய்த்து உட்காருகிறேன். காலையில் கிழக்குக் கரைதான் நல்லது, வெயில் முதுகுப் பக்கம் விழும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துத்தான். இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். ஓடியவை திரும்பி வரும்.

4. செம்பழுப்பாக, விசிலடித்தபடி பறப்பவை சீழ்க்கைச் சிறகிகள். அவை விருந்தாளிகள் அல்ல, ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவை. வால் ஊசிபோல் நீண்டது ஊசிவால் வாத்து. கண்ணுக்கு மேல் அகன்ற வெள்ளைக் கோடு போட்டது ஆண் நீலச்சிறகி. ஆனால் வந்த புதிதில் ஆணும் பெண்ணைப் போலவே இருக்கும், குழம்பாதீர்கள். கரையோரம் பின்பகுதியை ஆட்டிக்கொண்டு ஓடும் சின்ன உள்ளானும் வந்தேறிதான்.

5. சேற்றையும் பாருங்கள். நான்கு விரலும் நகக்குறியும் என்றால் நாய் அல்லது நரி. ஐந்து விரலும், பக்கத்தில் மீன்செதில் நிறைந்த எச்சமும் என்றால் நீர்நாய். அதைக் கண்ட காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பின்சேர்க்கை: விடியுமுன் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இது யானை நடமாடும் இடம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஊரவர் ஒருவரோடு போங்கள். ஈரம் காயாத இலத்தி கண்டால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். முதலையும் உண்டு, சேற்றுத் தடத்தைப் பார்க்கக் குனியும்போது தண்ணீர் விளிம்புக்குக் கிட்டப் போகாதீர்கள்.