சாம்பிள் எடுத்து நடன இசை அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ லயத்து அறையொன்றில் மடிக்கணினியையும் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு மின்னணு நடன இசை அமைக்கத் தொடங்கும் இளைஞர்கள், சினிமாப் பாட்டில் ஒரு துண்டைச் சாம்பிளாக, அதாவது தம் இசையில் சேர்க்கும் ஒலித்துண்டாக, வெட்டும்போது காட்டும் தயக்கத்தில் பாதியைக்கூடத் தம் தோட்டத்துத் தப்பு எனும் தோல் கருவியின் ஒலியைப் பதியும்போது காட்டுவதில்லை. நம்முடையதுதானே என்ற எண்ணமே பல சிக்கல்களுக்குத் தொடக்கம்.

முதலில், இரண்டு மூன்று விநாடி எடுத்தால் அனுமதி தேவையில்லை என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977 இல் வெளியிட்ட பாடலின் ஏறத்தாழ இரண்டு விநாடித் தாளத்தைப் பற்றிய வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் இழுபட்டது. அவ்வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், காதால் அடையாளம் காணக்கூடிய துண்டு எவ்வளவு சிறியதானாலும் ஒலிப்பதிவை உருவாக்கியவரின் அனுமதி வேண்டும் என்று 2019 இல் கூறியது. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் வேறோர் உரிமை என்பதால், ஒருவர் மட்டும் சம்மதித்தால் போதாது.

இந்தக் கணக்கு நம் வீட்டு வாசலுக்கும் பொருந்தும். 1969 இல் ஓர் அமெரிக்கக் குழுவுக்காக கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்ஸ், ‘ஆமென் பிரேக்’ என்ற பெயரில் எண்ணற்ற நடன இசைப் பதிவுகளில் புகுந்தது. 2006 இல் இறந்த அவருக்கு அதனால் பணம் எதுவும் வரவில்லை. மலையக நாட்டார் கூத்தான காமன் கூத்தில் தப்படிப்பவரையும் தாலாட்டுப் பாடும் பாட்டியையும் அதே நிலைக்குத் தள்ளுவது நம் வேலையாக இருக்கக்கூடாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநரின் உரிமைகளையும் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. பதிவதற்கு முன்பே, எதற்காகப் பதிகிறோம், வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்குங்கள்.

பதிவதிலேயே நேரும் தவறுகள் வேறு. பனிமூட்டத்தில் தப்பின் தோல் தளரும். கலைஞர்கள் நெருப்பில் காய்ச்சி அதை மீண்டும் இறுக்குவார்கள். காய்ச்சியவுடன் எடுத்த அடிகளையும் அரைமணி நேரம் கழித்து எடுத்தவற்றையும் நான் ஒரே லூப்பில் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டில்) சேர்த்தபோது, சுருதி இறங்கியிருந்ததால் பேஸ் (தாழ்சுருதி இசை) எதனோடும் ஒட்டவில்லை. போதாததற்கு, கைத்தொலைபேசி தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைத்ததில், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் தகரக் கூரை மேல் பெய்த மழை பொங்கி எழுந்தது. அந்தத் தானியங்கி வசதியை நிறுத்தி, 24 பிட்டில், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பதிவது நல்லது.

சந்தா கட்டி இறக்கும் லூப்கள் பலருக்கும் பொதுவானவை. அப்படியொரு லூப்பை அப்படியே வைத்த பாடலை ஒரே ஒலி வரும் காணொளிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்தால், அதே லூப்பை நேர்மையாகப் பயன்படுத்திய இன்னொருவரின் பாடலுக்கு உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய்ச் சேரலாம்.

கோப்புக்குப் பெயரிடும்போதே பாடியவர், தோட்டம், தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். என் கணினியில் ‘புதிய ஒலி 17’ என்ற கோப்பில் ஓர் அருமையான ஒப்பாரி இருக்கிறது. பாடிய அம்மா யாரென்று குறித்து வைக்காததால் அதை இன்றுவரை எந்தப் பாட்டிலும் சேர்க்க முடியவில்லை.