பொம்மைக்கு ஒரு காது மெஷின்: ஃபெல்ட் துணியில் தைப்பது எப்படி?

காது மெஷின் போட்ட பொம்மை வெளிநாட்டுக் கடைகளில் இப்போது அதிசயமில்லை. 2015இல் இங்கிலாந்தில் ரெபெக்கா அட்கின்சன் 'டாய் லைக் மீ' என்ற இயக்கத்தைத் தொடங்கி, "எங்கள் பிள்ளைகளைப் போல ஒரு பொம்மைகூட ஏன் இல்லை?" என்று பொம்மை நிறுவனங்களிடம் கேட்க ஆரம்பித்தார். அமெரிக்கன் கேர்ள் நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பொம்மையான ஜாஸுக்கு இடது காது பிறவியிலேயே கேட்காது. வலது காதில் மெஷின் போட்டிருப்பாள். 2022இல் பார்பியும் காதுக்குப் பின்னால் மெஷினோடு வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை, அதாவது ஒலியைக் காது நரம்புக்கு நேராக அனுப்பும் கருவியைப் பொருத்தும் சிகிச்சை, செய்கிறார்கள். அப்படி மெஷின் போட்ட பிள்ளைகள் நம் தெருவிலும் பள்ளியிலும் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்துப் பொம்மைக் கடையில் அவர்களைப் போல ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. சரி, நாமே தைத்துவிடலாம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் மெஷினைப் பாருங்கள்

தைக்கத் தொடங்கும் முன் அந்தக் குழந்தை எதைப் போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஹியரிங் எய்டில் காதுக்குப் பின்னால் வளைந்து உட்காரும் ஒரு சின்ன உடல், அதிலிருந்து ஒரு டியூப், டியூபின் முனையில் காதுக்குள் போகும் மோல்டு என மூன்று பகுதிகள். காக்ளியரில் மோல்டு கிடையாது. காதுக்குப் பின்னால் இருந்து ஒலியை வாங்கும் பிராசஸரிலிருந்து ஒரு குட்டி வயர் மேலே போய், தலையில் ஒட்டியிருக்கும் வட்டமான காயிலில் முடியும். தோலுக்கு அடியில் ஒரு காந்தம், காயிலில் ஒரு காந்தம். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். சில பிள்ளைகள் போடும் புது வகையில் காதில் எதுவுமே இருக்காது, தலையில் ஒரே ஒரு வட்டம்தான். தைக்க மிகச் சுலபமானது அதுதான்.

கடைப் பொம்மைகளிலும் படங்களிலும் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, காயிலைக் காது மடலிலேயே ஒட்டிவைப்பது. அது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, முடிக்குள் இருக்க வேண்டும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கும் குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும்.

என்னென்ன வேண்டும்

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துணிப் பொம்மை ஒன்று, இரண்டு மூன்று நிறத்தில் ஃபெல்ட் துணி, எம்ப்ராய்டரி நூல், கொஞ்சம் பஞ்சு, மெல்லிய எலாஸ்டிக், ஒரு ஜோடி பிரஸ் பட்டன். எல்லாமே ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். நிஜமாக ஒட்டட்டுமே என்று ஆசைப்பட்டுக் காந்தம் மட்டும் வைத்துவிடாதீர்கள். இரண்டு குட்டிக் காந்தங்களைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் சுவர்களை இடையில் பிடித்துக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். பழுதான நிஜ மெஷினையோ தீர்ந்துபோன பட்டன் பேட்டரியையோ விளையாடக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து.

வெட்டித் தைப்பது

கீழே உள்ள அளவுகள் சுமார் 35 சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மைக்கு. உங்கள் பொம்மை சின்னதென்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. பொம்மைக்குக் காது இல்லையென்றால் முதலில் அதைத் தையுங்கள். ஒவ்வொரு காதுக்கும் அதன் முகத்து நிறத்திலேயே இரண்டு அரைவட்டத் துண்டுகளை வெட்டி, ஓரம் தைத்துத் திருப்பி, கண்ணின் உயரத்தில் தலையோடு பிணைத்துவிடுங்கள்.

2. அடுத்து, காதுக்குப் பின்னால் உட்காரும் உடல் (காக்ளியர் என்றால் பிராசஸர்). முந்திரிப் பருப்பு வடிவத்தில் 4 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்துக்குக் காகிதத்தில் வரைந்து, அதை வைத்து ஃபெல்ட்டில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைக் காஜா தையலில் பிடித்துக்கொண்டே வாருங்கள். கடைசி அரை அங்குலம் மிஞ்சும்போது, தீக்குச்சி முனையால் கொஞ்சமாகப் பஞ்சைத் தள்ளிவிட்டு மூடுங்கள். பஞ்சு அதிகமானால் காதுக்குப் பின்னால் நிற்காது, முன்னால் வந்து விழும்.

3. ஹியரிங் எய்ட் என்றால், ஆறு இழை எம்ப்ராய்டரி நூலை முறுக்கி 4 செ.மீ. டியூப் ஆக்குங்கள். ஒரு முனை மெஷினின் மேல்பகுதியில், மறுமுனை சுண்டுவிரல் நக அளவு ஃபெல்ட் துண்டில். அதுதான் மோல்டு. நிஜ மோல்டுகளே பச்சை, நீலம், மினுமினுப்பு என்று வருகின்றன, அதனால் தோல் நிறத்தைத் தேடி அலைய வேண்டாம். நிறத்தைக் குழந்தையே சொல்லட்டும். மெஷினின் உட்பக்கத்தில் வலது காதுக்குச் சிவப்பு நூலிலும் இடது காதுக்கு நீல நூலிலும் ஒரு முடிச்சுப் போடுங்கள். நிஜ மெஷின்களிலும் அடையாளம் அப்படித்தான்.

4. காக்ளியர் என்றால், 2 செ.மீ. வட்டத்தில் இரண்டு துண்டு வெட்டித் தைத்து, அடியில் பிரஸ் பட்டனின் ஒரு பாதியை வையுங்கள். மறு பாதி பொம்மையின் தலையில், காதுக்குப் பின்பக்கம் மேலே. பிராசஸரையும் காயிலையும் 5 செ.மீ. நூல் வயரால் இணையுங்கள். மாட்டும்போது 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும், காந்தத்துக்கு இதுவே போதும்.

5. காதுக்குப் பின்னால், அது தலையோடு சேரும் இடத்தில், மெல்லிய எலாஸ்டிக்கை ஒரு வளையமாகத் தைத்து, மெஷினை அதற்குள் செருகுங்கள். கழற்றி மாட்ட முடிய வேண்டும். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம், ஏனென்றால் விளையாட்டே அதில்தான் இருக்கிறது.

6. பலமாக இழுத்துப் பாருங்கள். பொம்மை 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால், கழற்றும் வேலையே வேண்டாம். பட்டனைத் தவிர்த்து, எல்லாவற்றையும் தலையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

இரட்டை ஜடைப் பொம்மைக்கு முடி காயிலை மறைக்கும். ஜடையைச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டினால் சரியாகிவிடும். மெஷின் தொலையாமல் இருக்கச் சட்டைக் காலரில் கிளிப் போட்டுக் கயிறு கட்டுவார்களே, அதையும் ஒரு துண்டு நூலில் வைத்துவிடுங்கள். இந்தக் கயிற்றைப் பார்த்ததும்தான் பல பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எல்லாக் குழந்தையும் மெஷின் போடுவதில்லை. வீட்டில் சைகை மொழி பேசுகிறவர்கள் என்றால் கவனம் கைக்குப் போகட்டும். உருண்டைக் கையின் மேல் நான்கு வரி இறுக்கமாகத் தையல் ஓட்டினால் ஐந்து விரல் பிரிந்து தெரியும். உள்ளே கம்பி வைக்க வேண்டாம், குத்தும்.

அப்புறம்?

கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். "பார், இதுவும் உன்னைப் போலத்தான்" என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் மெஷின் மாட்டியதும் அம்மா 'ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ்' என்று ஆறு ஒலி சொல்லிச் சோதிப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கம். அதையே பொம்மைக்கும் செய்வார்கள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி வைக்க ஒரு தீப்பெட்டி கொடுங்கள், மெஷினை ஈரம் படாமல் வைக்கும் டிரை பாக்ஸ் ஆகிவிடும்.

மெஷின் தேவைப்படாத அண்ணன் தம்பிகளும் கேட்பார்கள். அவர்கள் பொம்மைக்கும் ஒன்று தைத்துக் கொடுங்கள். வீட்டில் இருக்கும் யானை பொம்மைக்கும் போடலாம், ஆனால் அந்தக் காதுக்கு 4 செ.மீ. பத்தாது, 7 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள்.