கையாளை ஓரங்கட்டணுமா? முதலில் அவன் எதையாவது பார்த்துவிடட்டும்

மாயாஜாலக் கதையில் வில்லனின் வலதுகை ஓரங்கட்டப்படும் காட்சியை எழுதுகிறீர்களா? அவன் காரியத்தைக் கெடுப்பதற்கு இரண்டு மூன்று அத்தியாயம் முன்பே, வில்லனின் பலவீனம் ஒன்று அவன் கண்ணில் பட்டுவிட வேண்டும். தோல்வி வெறும் சாக்குதான்.

பக்கிங்காம் கால்வாய்க்கு அடியில் ஒளிந்திருக்கும் மந்திரவாதி என்று வையுங்கள். அமாவாசை இரவில் அவன் கை நடுங்கி, பூஜைக் கிண்ணம் கீழே விழுகிறது. கையாள் குனிந்து எடுத்துக் கொடுக்கிறான். யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் முதல் ‘வாடா’ என்பது ‘வாங்க’ ஆகிறது. திடீரென்று மரியாதை கூடினால் நெருக்கம் போச்சு என்று நம் வாசகருக்குத் தெரியும், விளக்கவே வேண்டாம். அப்புறம் மயிலாப்பூர் குளத்தில் தாயத்தைத் தவறவிட்டான் என்று விரட்டினால் நம்பும்படி இருக்கும்.

ஒரே தவறுக்காகத் திறமையான ஆளைத் துரத்தும் வில்லன் முட்டாளாகத் தெரிவான். அவன்மேல் வாசகருக்கு இருந்த பயம் போய்விடும். தவிர, கையாள் பிறகு நாயகன் பக்கம் வந்தால், கொண்டுவர ஒரு ரகசியம் கைவசம் இருக்கும். அதற்கென்று பழைய அத்தியாயங்களைத் திருத்தி எழுதும் வேலை மிச்சம்.

நியாயம் பேசிப் பிரிபவனுக்கு இது பொருந்தாது. சீதையை விட்டுவிடச் சொன்ன வீடணன் விரட்டப்பட ரகசியம் எதுவும் தேவைப்படவில்லை. அதையே சொன்ன கும்பகர்ணனோ கடைசிவரை அண்ணனுக்காகப் போரிட்டான். அங்கே எழுத வேண்டியது குணத்தை. ஒருபக்கக் கதையிலும் வேண்டாம், விதைக்க இடம் இருக்காது.