ஹார்டு டிஸ்க் திணறுகிறதா? முதலில் நகல் எடுங்கள்

கோபியில் நடந்த அண்ணன் கல்யாணத்தின் இணைச்சீர் படங்கள், அப்புச்சி சிரித்துக்கொண்டு நிற்கும் படம் உட்பட, ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன. திடீரென்று ஒரு நாள் ஃபோல்டர் திறக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் விண்டோஸ், ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கும் ஓட்ட வேண்டாம். அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும்.

முதலில் கேபிளையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். சில சமயம் கோளாறே அங்கேதான் இருக்கும். சரியாகவில்லையா? விண்டோஸுக்குப் பதில், லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி (பூட் செய்து), ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் ஒரு இமேஜ் ஃபைலாக (டிஸ்க்கில் உள்ளதை அப்படியே அடக்கிய ஒரே ஃபைல்) நகல் எடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகுதான் திரும்பும். எதுவரை நகலானது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலின் பெயரையும் மறக்காமல் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1 டிபி டிஸ்க் என்றால் நகலுக்கும் 1 டிபிக்கு மேல் காலி இடம் வேண்டும். எங்கிருந்து எங்கே நகல் போகிறது என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். மாறிவிட்டால் எல்லாம் போய்விடும்.

மீட்பு வேலை முழுவதும் அந்த நகலில்தான். தொலைந்த பார்ட்டிஷன்களையும் ஃபைல்களையும் மீட்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளை முதலில் முயலுங்கள். அது பலிக்காவிட்டால், ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் படங்களைத் தேடி எடுக்கும், ஆனால் பழைய ஃபைல் பெயர்கள் வராது.

கடக் கடக் என்று சத்தம் வந்தால் இதில் எதுவும் வேண்டாம். உடனே கழற்றிவிட்டு, தூசியில்லா அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.